லேசிக் செய்யப் போகிறீர்களா? கண் உலர்வை மறைக்காதீர்கள்

"லென்ஸ் போட்டாலே உறுத்துது, சாயங்காலத்துக்குள்ள கண் செவந்துடுது, அதான் லேசிக் பண்ணிடலாம்னு பார்க்கிறேன்" என்று சொல்பவர்கள் நிறைய. லேசிக் என்பது கண்ணாடி, லென்ஸ் இல்லாமல் பார்க்க லேசரால் கருவிழியைச் செதுக்கும் சிகிச்சை. லென்ஸ் ஒத்துக்கொள்ளாததற்கே பல நேரம் கண் உலர்வுதான் காரணம். அதோடு போய் லேசர் செய்துகொண்டால் இன்னும் கூடும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து உறுத்தலைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பதுதான் பெரிய தவறு. முடக்குவாதம் இருந்தாலும், அலர்ஜி மாத்திரையோ முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயினோ சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

கண் காய்கிறது என்று மூளைக்குத் தகவல் அனுப்பி கண்ணீரைச் சுரக்க வைப்பவை கருவிழியில் இருக்கும் நுண்நரம்புகள். லேசிக்கில் கருவிழியின் மேற்பகுதியை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமனில் மூடிபோல அறுத்துத் திறக்கும்போது அவையும் அறுபடுகின்றன, திரும்ப வளர 6 மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. மூடி திறக்காமல் செய்யும் இன்னொரு லேசர் முறையான ஸ்மைலில் கீறல் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான், அதனால் உலர்வு ஓரளவு குறைவு, ஆனால் வராது என்று நினைக்காதீர்கள்.

கல்யாணத் தேதி நெருங்குகிறது என்று பரிசோதனையில் அவசரப்படுவது அடுத்த தவறு. கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடம் வைப்பார்கள், ஷிர்மர் பரிசோதனை. 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பொதுவாகச் சரி, 5-க்கும் கீழே என்றால் உலர்வு அதிகம், முதலில் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். காய்ந்த கண்ணில் எடுத்த பவரும் ஸ்கேனும் தப்பாக வரலாம், அந்தக் கணக்கை வைத்துத்தான் லேசர் செதுக்கும். கான்டாக்ட் லென்ஸை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வதும் அளவு தப்பாக வரக்கூடாது என்றுதான்.

அப்புறம், லேசர் செய்த மறுநாளே பார்வை பளிச்சென்று வந்துவிட்டதால் கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டு மருந்தை விட்டுவிடுகிறார்கள். நரம்பு அறுபட்டிருப்பதால் கண் காய்ந்தாலும் சிலருக்கு உறுத்தலே தெரியாது, அதனால் டாக்டர் சொன்ன நாள் வரை போடுங்கள். அடிக்கடி போட வேண்டியிருந்தால் பிரிசர்வேட்டிவ் (மருந்து கெடாமல் இருக்கச் சேர்ப்பது) இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடவே வேண்டாம், கண் அழுத்தம் ஏறலாம்.

சில வாரம் கழித்துப் பார்வை மங்கினால் பவர் திரும்பிவிட்டது என்று பதறி மறுபடி லேசர் கேட்காதீர்கள். இமைத்ததும் தெளிந்து திரும்ப மங்கினால் பெரும்பாலும் அது உலர்வுதான், முதலில் அதைச் சரிபண்ணச் சொல்லுங்கள்.