பிளேன்டீக்கு எத்தனை நிமிடம்? திருகோணமலைக் கடைகளில் லப்டொப்போடு வேலை செய்யும் விதம்

என் வேலை லண்டன் கணக்கு. அங்கே மூன்று சின்னக் கடைகளின் பில்களை இங்கிருந்து பதிந்து கொடுக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வற் வரிக் கணக்கும் உண்டு. கோடையில் அங்கே காலை 9 மணி என்றால் எங்களுக்கு மத்தியானம் 1.30. பாலையூற்றில் எங்கள் வீடு சீற் கூரை. கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் அந்த நேரத்துக்கு வீட்டுக்குள் இருந்தால் எனக்கு முதல் லப்டொப்புக்குக் காய்ச்சல் வந்துவிடும். பக்கத்து அறையில் அம்மாவின் நாடகம் வேறு, முழுச் சத்தத்தில்.

முதலில் வெளியே வந்தது 2022 இல். ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய காலம் அது. ஜெனரேற்றர் உள்ள கடையாகத் தேடித் தேடி இருந்தேன். கரண்ட் திரும்பி வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. தேத்தண்ணிக் கடை, பேக்கரி, ஏசி போட்ட கோழிப் பொரியல் கடை, உப்புவெளிக் கடற்கரைக் கஃபே என்று எல்லாவற்றிலும் இருந்து பார்த்தாயிற்று. கடைகளின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கு என் மேசையில் நீங்கள் இருப்பீர்கள்.

முதல் மாதம் நான் செய்த பிழையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு தேத்தண்ணிக் கடையில் மத்தியானம் 12 மணிக்குப் போய், ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் இருந்தேன். சோற்றுக்கு வந்த ஆட்கள் தட்டோடு நின்றார்கள். முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் என் தலைக்கு மேலே இருந்த ஃபேன் நின்றது. “அண்ணை, ஃபேன் நிண்டிட்டுது” என்றேன். “ஓம் பிள்ளை, அதுக்கும் களைச்சுப் போச்சு” என்றார். எழும்பி வந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் விளங்கியது, வைஃபை பாஸ்வேர்ட் கேட்க முதல் கடையின் மணிக்கூட்டைப் படிக்க வேண்டும் என்று. எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடை விடிய 6 மணியிலிருந்து 9 வரை இடியப்பம், புட்டுப் பார்சலில் மூச்சுவிடாது. 10 மணிக்குக் கந்தோர்க்காரர் தேத்தண்ணிக்கு வருவார்கள். 12 முதல் 2 வரை சோறு. அதற்குப் பிறகு, ஏறத்தாழ 2.15 இலிருந்து 3.45 வரை, கடை தூங்கும். பெடியன்கள் மேசை துடைத்துவிட்டு போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த ஒன்றரை மணி நேரம் உங்களுடையது, ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். 4 மணிவாக்கில் கந்தோர் விடும், வடைச்சட்டி அடுப்பில் ஏறும், மேசையை விட்டுவிட வேண்டும். சனி, ஞாயிறுகளில் கோணேசர் கோயிலுக்கு வெளியூர் பஸ்கள் வரும். அந்த நாட்களில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, வீட்டிலேயே இருங்கள்.

காசு விஷயம். மணிக்கு 250 ரூபாய்க்குக் குறையாமல் செலவழிப்பது என் கட்டுப்பாடு. ஆனால் வந்தவுடன் மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்து ஓடர் கொடுப்பதில் பயனில்லை. கடைக்காரர் பார்ப்பது பில்லை அல்ல, மேசையை. வெறும் கிளாஸ் முன்னால் இருந்தால் நீங்கள் ஓசியில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். முதல் தேத்தண்ணி, முக்கால் மணி கழித்து ஒரு றோல்ஸ், பிறகு ஒரு சோடா என்று இழுத்துக்கொண்டு போங்கள். தட்டில் ஷோர்ட் ஈட்ஸ், அதாவது றோல்ஸ், பற்றிஸ் மாதிரிச் சின்னத் தீனிகள், கொண்டுவந்து வைப்பதில் கவனம். எடுத்ததற்கு மட்டும்தான் காசு என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆனால் பில் பதிகிற மும்முரத்தில் கை தன்பாட்டுக்குத் தட்டுக்குப் போகும். ஒருநாள் நான்கு பற்றிஸ் தின்றிருக்கிறேன், இரண்டாவதுக்குப் பிறகு ஒன்றும் ஞாபகமில்லை. இப்போது எனக்கு வேண்டியதைச் சின்னத் தட்டில் எடுத்துக்கொண்டு, “மற்றதைக் கொண்டுபோங்கோ தம்பி” என்று சொல்லிவிடுவேன்.

கூப்பிடும் முறையும் காசு மாதிரித்தான். சைவக் கடையில் அண்ணை அல்லது ஐயா, முஸ்லிம் கடையில் நானா, சிங்கள பேக்கரியில் அய்யே. மூன்றும் ஒரே வீதியில் ஐம்பது அடிக்குள் வேண்டிவரலாம், அதுதான் திருகோணமலை. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் நானாமாரின் கடைகள் பூட்டியிருக்கும், 2 மணிக்குப் பிறகு போனால் சரி. நோன்பு மாதத்தில் பகல் முழுக்கச் சைவக் கடையும் பேக்கரியும்தான் கதி. அந்த மாதத்தில் பின்னேரம் நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கடை வாசலில் கஞ்சியும் சமோசாவும் வரும், லப்டொப்பை மூடிவைத்துவிட்டு வாங்கிக் குடியுங்கள்.

பிளக், நெற், கொத்து

வீட்டில் முழுசாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவதுதான் உத்தமம். ஏனென்றால் தேத்தண்ணிக் கடைகளில் பிளக் இருப்பது இரண்டே இடத்தில். ஒன்று கஷியருக்குப் பின்னால், மற்றது பிரிட்ஜுக்குப் பின்னால். பிரிட்ஜ் பிளக்கை ஒருக்காலும் தொடாதீர்கள். திரும்பப் போட மறந்தால் ஐஸ்கிறீம் முழுக்க உங்கள் கணக்கில். நாட்டில் சதுர முள் பிளக்கும் வட்ட முள் பிளக்கும் கலந்து கிடக்கின்றன, பழைய கட்டடங்களில் வட்டம்தான் கூட. இரண்டுக்கும் பொருந்தும் அடப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். இரண்டு முள் சார்ஜரைச் சதுர ஓட்டையில் செருக, மேல் ஓட்டையைப் பேனையால் குத்தித் திறக்கும் வித்தை எல்லாருக்கும் தெரியும். வீட்டில் செய்வீர்களோ தெரியாது, கடையில் செய்யாதீர்கள். “ஒருக்கா பிளக் குத்தட்டோ?” என்று கேட்காமல் எந்தப் பிளக்கிலும் கை வைக்கவும் கூடாது. பவர் பாங்க் வாங்குவதென்றால் லப்டொப்புக்குப் போதுமான வாற்ஸ் தருமா என்று பார்த்து வாங்குங்கள். போனுக்கென்று விற்கும் சாதாரண பவர் பாங்க் லப்டொப்பை அசைக்காது. நான் ஒன்றை வாங்கி ஏமாந்து தம்பிக்குக் கொடுத்தேன்.

நெற்றைப் பொறுத்தவரை கடை வைஃபையை நம்பி வராதீர்கள். பல இடங்களில் பாஸ்வேர்ட் கடையின் போன் நம்பராகவே இருக்கும், பக்கத்துக் கடைக்காரர் முதல் எதிரே நிற்கும் ஓட்டோக்காரர் வரை அதில்தான் தொங்குவார்கள். நான் போனை ஜன்னலோரம் வைத்து, வயரால் லப்டொப்போடு இணைத்துக்கொள்கிறேன். ஹொட்ஸ்பொட்டை விட இது நிதானமாக ஓடும். ஒல்லாந்தர் காலத்துச் சுவர் மாதிரித் தடித்த சுவர் உள்ள பழைய கட்டடமென்றால் உள் மேசையில் சிக்னல் செத்துவிடும், வாசல் மேசையைப் பிடியுங்கள். டேட்டா பொதி எடுக்கும்போது பாதி இரவு டேட்டாவா என்று பாருங்கள், அது பகல் வேலைக்கு உதவாது. வீடியோக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி அளவுக்கு விழுங்கும். முகத்தை மூடி, குரலை மட்டும் விட்டால் நூறு எம்பிக்குள் முடியும். வங்கி வேலை ஏதும் இருந்தால் கடை வைஃபையில் வேண்டாம், சொந்த டேட்டாவில் செய்யுங்கள்.

பேச்சு என்றதும் கொத்து றொட்டி ஞாபகம் வருகிறது. பின்னேரம் 6 மணிக்குத் தகடு சூடாகும். அதற்குப் பிறகு ரவுணில் எந்தக் கடையிலிருந்தும் லண்டனோடு கதைக்க முடியாது. ஒருதரம் வற் கணக்கை விளங்கப்படுத்திக்கொண்டிருக்கும்போது தகட்டில் றொட்டி கொத்தும் இரண்டு கத்தியும் தொடங்கிவிட்டன. அந்தப் பக்கம் இருந்தவர், வீடு திருத்துகிறீர்களா என்று கேட்டார். இரவுச் சாப்பாடு என்றேன். நம்பவில்லை. அதிலிருந்து கூட்டமெல்லாம் 5.30 க்கு முதல். கடைக்குள் உரக்கக் கதைப்பதும் சரியில்லை, நாலு பேர் சாப்பிடுகிற இடம். டச்சு பே கடற்கரையில் கதைக்கலாமென்று போனால் காற்று மைக்கை விழுங்கும். நான் கண்டுபிடித்த நல்ல இடம், மர நிழலில் நிற்கும் தெரிந்த ஓட்டோவின் பின் சீற். கதைத்து முடித்துவிட்டு அதே ஓட்டோவில் வீட்டுக்குப் போய்விடலாம், அவருக்கும் சந்தோசம். பிரெட்ரிக் கோட்டைக்குள் நிழலும் மான்களும் நிறைய உண்டுதான், ஆனால் அங்கே இராணுவம் இருக்கிறது. கோயிலுக்குப் போகிற வழியில் லப்டொப்பை விரித்து உட்கார்ந்து, வந்து விசாரிப்பவருக்கு வற் கணக்கை விளங்கப்படுத்த வேண்டிவரும்.

பெண்பிள்ளைகளுக்கு

தனியாகப் போகிற பெண்ணைக் கண்டவுடன் “உள்ளுக்கு ஃபமிலி றூம் இருக்கு” என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அங்கே திரை தொங்கும், காற்று வராது, பல்ப் மங்கல், பக்கத்துத் தடுப்புக்குள் ஒரு காதல் ஜோடி அழுதுகொண்டிருக்கும். நான் கஷியருக்கு எதிரே உள்ள மேசையைக் கேட்டு வாங்குவேன், சுவருக்கு முதுகு காட்டி. அங்கே இருந்தால் ஒருவரும் சேட்டை விடமாட்டார்கள், பின்னால் நின்று லப்டொப் திரையை வாசிக்கவும் ஏலாது. அடுத்தவரின் கணக்கு திறந்து கிடக்கிற திரை அது. சின்ன ஊர், ஒரு எண் வெளியே போனாலும் நாளைக்கு மார்க்கெட்டில் கேட்கும்.

ரொய்லெற்தான் உண்மையான கேள்வி. தேத்தண்ணிக் கடைகளில் எங்களுக்குத் தோதான ரொய்லெற் அநேகமாக இராது. அதனால் ஒரு மணி நேர வேலையென்றால் தேத்தண்ணிக் கடை, மூன்று மணி நேரமென்றால் ரொய்லெற் உள்ள கோழிப் பொரியல் கடை என்று பிரித்து வைத்திருக்கிறேன். அங்கே ஏசியும் இருக்கிறது, 2.30 இலிருந்து 5 வரை ஆளில்லை, பெடியன்கள் மாறி மாறி வருவதால் நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. விலை கூட, பில்லில் சேர்விஸ் சார்ஜ் 10 வீதம் போடுகிறார்களா என்று மெனுவின் அடியில் பாருங்கள். சத்தமான பாட்டுக்கு ஹெட்ஃபோன் வேண்டும்.

“பிள்ளை என்ன வேலை செய்யிறீங்கள்?” என்று கட்டாயம் கேட்பார்கள். லண்டன் என்ற சொல்லை எடுக்காதீர்கள். எடுத்தால் “என்ர மகனுக்கும் ஒண்டு பாருங்கோவன்” என்று அடுத்த நாள் மகனே வந்து நிற்பான். வந்தான், நல்ல பெடியன்தான். “கணக்கெழுதுறன் ஐயா” என்றால் போதும், கணக்கு என்ற சொல்லுக்குப் பிறகு ஒருவரும் மேலே கேட்பதில்லை.

உப்புவெளிப் பக்கம் போக ஆசைப்படுபவர்களுக்கு. மே முதல் செப்டெம்பர் வரை அங்கே வெள்ளைக்காரர் சீசன். கோப்பியின் விலை ரவுணில் ஒரு சோற்றுப் பார்சலின் விலைக்குக் கிட்ட வரும், ஆனால் மணிக்கணக்காக இருந்தாலும் கேட்கமாட்டார்கள், அவர்களும் லப்டொப்போடுதான் இருக்கிறார்கள். கடலைப் பார்த்த மேசையில் இருக்காதீர்கள். உப்புக்காற்று சார்ஜர் முனையைத் தின்றுவிடும், என்னுடையது பச்சை பிடித்து ஒரு வருடத்தில் போனது. காகமும் ஒரு பிரச்சினை. ரவுணிலோ மான். வாசல் மேசையில் வடை சுற்றின பேப்பரைப் பையில் வைத்தேன், பையோடு இழுத்தது.

ஒக்ரோபர் கடைசி ஞாயிறு லண்டனில் மணிக்கூட்டை மாற்றுவார்கள், என் வேலை 2.30 க்குத் தள்ளிப்போகும். அந்த நாட்களில்தான் எங்களுக்கு மாரி மழையும் தொடங்கும். கடை தூங்குகிற நேரத்தில் கால் மணி போய்விடும், நான் பில்லைத் திறந்து சூடு பிடிக்க வடைக் கூட்டம் வந்துவிடும். அதனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை தேத்தண்ணிக் கடையை விட்டுவிடுகிறேன். மழையில் வீட்டுக் கூரை குளிர்ந்திருக்கும், 5 மணி வரை வீட்டிலேயே வேலை. அதற்குப் பிறகு அம்மாவின் பின்னேர நாடகம் தொடங்கும், குடையைப் பிடித்துக்கொண்டு கோழிக் கடைக்கு. கொத்துப் போடாத கடையாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.