ஆன்லைனில் நகை வாங்குமுன் ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள்

அக்கா மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீராக ஒரு ஜிமிக்கி வாங்கவேண்டியிருந்தது. தண்டையார்பேட்டையில் வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் வாங்கினேன். 'செய்கூலியில் 40% தள்ளுபடி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ரூ.69,000-ஐ அடித்துவிட்டு ரூ.63,000. பணம் கட்டும் பக்கத்தில் அது ரூ.64,890 ஆனது. நான் விட்ட கோட்டையை நீங்கள் விடாமலிருக்க, இதோ வழி. கணக்கு எளிதாக இருக்க 22 காரட் கிராம் ரூ.10,000 என்று வைத்தே எல்லா எண்களையும் சொல்கிறேன்.

முதல் படி: எடை. மொத்த எடை 6 கிராம் என்று பெரிதாகப் போட்டிருந்தது. கீழே 'விவரங்கள்' என்பதைத் தொட்டால்தான் கல் 1 கிராம், நிகர எடை 5 கிராம் என்று தெரிந்தது. தங்கத்தின் விலையை நிகர எடைக்கு மட்டும் போடுங்கள்: ரூ.50,000. காரட்டையும் அங்கேயே பாருங்கள். 22 காரட்டில் தங்கம் 91.6%, 18 காரட்டில் 75%தான்.

இரண்டாவது படிதான் முக்கியம். செய்கூலி, சேதாரம் இரண்டையும் சேர்த்து, தங்கத்தின் விலையில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எனக்குப் போட்டது 30%, அதாவது ரூ.15,000. அதில் 40% தள்ளுபடி போக ரூ.9,000. அப்போதும் 18% வருகிறது! வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு கடையில் இதே மாதிரி ஜிமிக்கிக்கு, தள்ளுபடி என்ற பேச்சே இல்லாமல், 12% சொன்னார்கள். ஏற்றி வைத்துத்தான் இறக்கியிருக்கிறார்கள். தள்ளுபடி எத்தனை சதவீதம் என்பதை மறந்துவிட்டு, கடைசியில் நிற்கும் சதவீதத்தை மட்டும் பாருங்கள்.

மூன்றாவது, கல். எனக்கு ரூ.4,000 போட்டார்கள், கடையில் ரூ.1,500. நாளைக்கு விற்கப்போனால் சாதாரணக் கல்லுக்குக் காசு தரமாட்டார்கள்.

அப்புறம் எல்லாவற்றையும் கூட்டி 3% ஜிஎஸ்டி சேருங்கள். எனக்கு 63,000 + 1,890. கடையில் 57,500 + 1,725 = ரூ.59,225. தள்ளுபடி வாங்கியும் ரூ.5,665 அதிகம் கொடுத்திருக்கிறேன்.

நகை கைக்கு வந்ததும் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். நகையில் ஹால்மார்க்காக பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22K916 என்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி (ஒவ்வொரு நகைக்கும் தனியான அடையாளக் குறி) ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். அந்த எச்யுஐடியை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் நகையின் வகையும் தூய்மையும் வரும். கையில் இருப்பது ஜிமிக்கி, செயலியில் செயின் என்று வந்தால் உஷார். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பதால், குழந்தைகளுக்கான சின்னக் கம்மலில் இந்தச் சோதனை உதவாமல் போகலாம்.

விலைப் பிரிப்பு இல்லாத பில் வந்தால் கேட்டு வாங்குங்கள். தராமல் இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

நான் ஜிமிக்கியைத் திருப்பி அனுப்பினேன். பணம் வர பதினொரு நாள் ஆனது. அதற்குள் தங்கம் ஏறிவிட்டது. எம்.சி. ரோட்டுக் கடைக்காரர் அதே 12%தான் போட்டார். கிராம் விலைதான் பழையபடி இல்லை.