தடைக்காலத்தில் படித்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைக்காதீர்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற தம்பிகள் பலரும் சொல்வது இதுதான்: "தடைக்காலத்துல உட்கார்ந்து படிச்சுக்கலாம்ணே." மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, உண்மைதான். ஆனால் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பதும், பெயின்ட் அடிப்பதும், வலை சரிசெய்வதும் அந்த நாட்களில்தான். கையில் காசில்லை என்று வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறவர்களும் உண்டு. நானும் ஒரு வருடம் அதை நம்பி இருந்தேன். ஜூன் 14 அன்று பார்த்தால் சமூக அறிவியலில் இரண்டு பாடம்தான் முடிந்திருந்தது.

அடுத்த தவறு, யாரோ போட்ட அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்வது. "தினமும் காலை 5 முதல் 7" என்பது நம் கரைக்குப் பொருந்தாது. ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும். மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவருக்குச் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை என்பது இறால் எடை போடும் நேரம். கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமாருக்கோ நீர் வற்றும் நேரம்தான் கணக்கு. அது தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அதனால் மணியைப் பார்த்து அல்ல, நாளைப் பார்த்துப் பிரியுங்கள். மீன் இறங்கும் நாளில் புதுப் பாடம் தொடவே வேண்டாம், பழையதை இருபது நிமிடம் புரட்டினால் போதும். கணக்கு மாதிரி மூளையைக் கேட்கும் பாடத்தை ஓய்ந்த நாளுக்கு வையுங்கள்.

படித்ததையே திரும்பத் திரும்ப வாசிப்பதும் நேரத்தைத் தின்னும். புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்திப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். நான் எடைச்சீட்டின் பின்பக்கத்தில் ஐந்து கேள்வி எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். ஐஸ் உடைத்துப் பெட்டி கட்டும் வரை காத்திருக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக விடை சொல்லிப் பார்ப்பேன். ஈரக் கை பட்டு ஓரம் நைந்த அந்தச் சீட்டுகளில் இருந்தவை தேர்வு அறையில் தடங்கலில்லாமல் வந்தன.

தூக்கத்தைக் குறைக்காதீர்கள். கலாம் நாலு மணிக்கே எழுந்து கணக்கு டியூஷனுக்குப் போனதை இங்கே எல்லா வீட்டிலும் சொல்வார்கள். இரவெல்லாம் வேலை செய்துவிட்டு வந்த பிள்ளையிடம் அதைச் சொல்லாதீர்கள், பெற்றோரே.

முதலாளிக்குத் தெரியாமல் படிப்பதும் வேண்டாம். தேர்வுத் தேதி வந்ததுமே சொல்லி, அன்றைக்கும் முந்தின இரவுக்கும் ஆள் மாற்றிவிடச் சொல்லுங்கள். மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி. கண் எரிச்சலோடு உட்காரக்கூடிய தேர்வு இல்லை அது.