பழுதுபார்க்க வேண்டிய வீட்டுக்கு விலை பேசுவது எப்படி

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய தனி வீடுகள் விற்பனைக்கு வரும்போது, உரிமையாளர் சொல்லும் விலை பெரும்பாலும் ஒற்றைத் தொகையாகவே இருக்கும். அந்தத் தொகைக்குள் மனைக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்காமல் பேரத்தில் இறங்குபவர், தளம் ஒழுகுகிறது, ஒயரிங் பழையது என்று எத்தனை குறைகளை அடுக்கினாலும், "நாங்கள் மனைக்குத்தான் விலை சொல்கிறோம், வீடு சும்மா வருகிறது" என்ற ஒரே பதிலுக்கு மேல் பேச வழியின்றி நிற்பார். ஆகவே, குறைகளைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே, "மனைக்குச் சதுர அடி என்ன கணக்கு, கட்டடத்துக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டு, விடையை உரிமையாளர் வாயாலேயே வாங்கிவிட வேண்டும். இந்த ஒரு விடையைப் பொறுத்தே மற்றப் பேச்செல்லாம் அமையும்.

மனைக்கு மட்டுமே விலை என்று அவர் சொன்னால், பழுதுச் செலவைக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்பதில் நியாயம் இல்லை, கேட்டாலும் எடுபடாது. அங்கே பேச வேண்டியது மனையைப் பற்றித்தான்: முகப்பின் அகலம், தெருவின் அகலம், மனையின் வடிவம், சாலை மட்டம், அதே தெருவில் கடந்த ஓராண்டில் உண்மையில் கைமாறிய விலை. வீட்டை இடிக்கும் செலவைப் பெரிதாகக் காட்டலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. ஆனால் பழைய வீட்டை இடிப்பவர்கள் தேக்கு நிலை, கதவு, கம்பி, செங்கல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கூலியில் கழித்துக்கொள்வது வழக்கம் என்பதால், விவரம் தெரிந்த உரிமையாளரிடம் அந்த வாதம் நிற்காது. கட்டடத்துக்கும் சேர்த்துத்தான் விலை என்று அவர் சொல்லும்போதுதான் பழுதுப் பட்டியலுக்கு வேலை வருகிறது.

அந்தப் பட்டியலை நீங்களே தயாரிக்காதீர்கள். சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு வீட்டைப் பார்வையிட்டு, எழுத்து வடிவில் மதிப்பீடு தரும் சிவில் இன்ஜினியர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் தரகர் அனுப்பிய ஆளாகவோ பின்னாளில் அந்த வேலையை எடுத்துச் செய்யப்போகும் மேஸ்திரியாகவோ இல்லாதிருப்பது நல்லது. ஆயினும் முதல் பார்வையிலேயே நீங்கள் கவனிக்கக்கூடியவை சில உண்டு. தெருவிலிருந்து வாசலுக்கு ஏற வேண்டியிருக்கிறதா, இறங்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். தார்ச்சாலையைத் திரும்பத் திரும்ப மேலே மேலே போட்டதால், கட்டியபோது இரண்டு படி உயரத்தில் இருந்த வீடுகள் பல இன்று சாலைக்குக் கீழே கிடக்கின்றன. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார் என்றாலும், அதற்கு முன்பே ஏறிவிட்ட மட்டம் ஏறியதுதான். தாழ்ந்துபோன வீட்டில் மழைநீர் உள்ளே வரும். கழிவுநீர் எதிர்த்துத் திரும்பும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கித் தரும் ஒப்பந்தக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். ஆனால் தூக்கிய பிறகு தரை, குழாய், கழிவறை இணைப்பு அனைத்தையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், விலை பேசும்போது மற்ற எல்லாப் பழுதுகளையும்விட இதற்கே எடை அதிகம். வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் போன்ற பகுதிகளில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். உரிமையாளரிடம் கேட்பதைவிட அது நம்பகமானது.

உள்ளே நுழைந்ததும் புதுப் பெயின்ட் வாசனை அடித்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். சுவரின் அடிப்பகுதியில் இடுப்பளவுக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டியிருந்தால், அதன் பின்னால் ஓதம், அதாவது தரையிலிருந்து ஏறும் ஈரம், இருக்க வாய்ப்பு உண்டு; டைல்ஸ் முடியும் இடத்துக்குச் சற்று மேலே விரலால் தேய்த்துப் பார்த்தால் வெள்ளையாக உப்புப் பொடி கையில் ஒட்டும். கூரையின் அடிப்பூச்சை நீளமான கம்பால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் கேட்கும் ஓசை ஒன்று; உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி, காங்கிரீட் விட்டுப்போன இடத்தில் கேட்கும் பொள்ளல் ஓசை வேறு. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் இந்தக் கம்பித் துரு சீக்கிரமே வந்துவிடுகிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலும், பூச்சில் மட்டும் மயிரிழையாகத் தெரியும் விரிசலும் ஒன்றல்ல. முதலாவது அஸ்திவாரம் இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், அதைப் பற்றி இன்ஜினியர் தெளிவாக எழுதித் தர வேண்டும். மரநிலைகளின் அடியில் கரையான் மண் தெரிகிறதா, மெயின் போர்டில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் உண்டா, போர் தண்ணீர் உப்பா என்பவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பருக்குள், நல்ல மழை பெய்த மறுநாள் சென்று பார்ப்பதற்கு இணையான சோதனை வேறில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். பின்வரும் எண்கள் முறையை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் தெருவின் விலை வேறாக இருக்கும். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை. அதில் 32 ஆண்டுகளுக்கு முன் கட்டிய 1,100 சதுர அடி வீடு. உரிமையாளர் கேட்பது 1 கோடியே 45 லட்சம். மனை சதுர அடி 5,000 ரூபாய் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மனைக்கு 1 கோடியே 20 லட்சம். ஆக, கட்டடத்துக்கு அவர் கேட்பது 25 லட்சம். இன்று அதே அளவு வீட்டைச் சதுர அடிக்கு 2,400 ரூபாய் வீதம் புதிதாகக் கட்ட 26 லட்சத்து 40 ஆயிரம் ஆகும் என்றால், 32 ஆண்டு பழைய வீட்டுக்கு அவர் ஏறக்குறையப் புது வீட்டின் விலையைக் கேட்கிறார் என்பது வெளிச்சத்துக்கு வருகிறது. கட்டடத்தின் ஆயுளை 60 ஆண்டு என்றும், ஆயுள் முடிவில் மிஞ்சும் மதிப்பைப் பத்து சதவீதம் என்றும் வைத்துத் தேய்மானம் கழித்தால், ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் போய், 13 லட்சத்து 70 ஆயிரம் மிஞ்சும். வங்கியின் மதிப்பீட்டாளரும் இதைப் போன்ற ஒரு கணக்கைத்தான் போடுவார்.

இந்த இடத்தில் வாங்குபவர்கள் பலர் இரட்டைக் கணக்குப் போடுகிறார்கள். தேய்மானத்தையும் கழித்து, பழுதுச் செலவு முழுவதையும் கழித்தால், ஒரே பழமையை இரண்டு முறை கழித்ததாகிவிடும். மறுபக்கத்தில் விவரமான ஒருவர் இருந்தால் அங்கேயே உங்கள் பேச்சு நம்பகத்தன்மை இழந்துவிடும். வயதுக்கு இயல்பான தேய்வு, அதாவது மங்கிய தரை, பழைய குளியலறைச் சாமான்கள், பெயின்ட் போன்றவை தேய்மானத்துக்குள் அடங்கிவிட்டன. வயதை மீறிய பழுதுகளை, அதாவது கம்பி துருவேறிய தளம், அஸ்திவார இறக்கம், சாலைக்குக் கீழே போன தரை மட்டம், பாதுகாப்பற்ற ஒயரிங் போன்றவற்றை மட்டும் தனியாகக் கழிக்கலாம். நம் எடுத்துக்காட்டில் அவற்றுக்கு இன்ஜினியர் 5 லட்சம் எழுதித் தந்தார் என்று கொண்டால், கட்டடத்தின் மதிப்பு 8 லட்சத்து 70 ஆயிரமாகவும் மொத்தம் 1 கோடியே 28 லட்சத்து 70 ஆயிரமாகவும் நிற்கும். 1 கோடியே 24 லட்சத்தில் பேச்சைத் தொடங்கி 1 கோடியே 30 லட்சத்துக்குள் முடிப்பது என்று உங்களுக்குள் ஓர் எல்லை வகுத்துக்கொள்ளலாம். அந்த எல்லையைத் தரகரிடம் சொல்லக் கூடாது. கமிஷன் விலையில் இத்தனை சதவீதம் என்று வருவதால், பேரம் எங்காவது படிந்தால் போதும் என்பதுதான் அவருடைய அவசரமாக இருக்கும்.

பேசும் இடத்தில் யார் முடிவெடுப்பவர் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அப்பா காலமான பிறகு விற்பனைக்கு வரும் வீடுகளில், மூத்த மகன் பேசுவார்; ஆனால் அம்மாவும் திருமணமாகிப்போன மகள்களும் உள்பட வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு கையெழுத்து சந்தேகத்தில் இருக்கும் வீட்டை, தளம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், விலை குறைகிறது என்பதற்காக வாங்காதீர்கள். அது தள்ளுபடியால் ஈடுகட்டக்கூடிய குறை அல்ல. எல்லோரும் ஒத்துப்போய்ப் பங்கு பிரித்துக்கொள்ளக் காத்திருக்கும் குடும்பம் என்றால், முழுப் பணத்தையும் குறித்த நாளில் தர முடியும் என்ற உங்கள் உறுதிக்கே தனி மதிப்பு உண்டு. இரண்டு லட்சம் அதிகம் தருவதாகச் சொல்லி ஆறு மாதம் தவணை கேட்பவரைவிட உங்களையே அவர்கள் விரும்பக்கூடும்.

வீட்டை இகழ்ந்து பேசாதீர்கள். அந்தக் கூடத்தில் அவர்கள் வீட்டுக் கல்யாணம் நடந்திருக்கலாம். "வீடு பாழடைந்து கிடக்கிறது" என்பதற்கும், "சார், மனைக்கு நீங்கள் சொல்லும் விலையில் எனக்கு ஆட்சேபணை இல்லை, கட்டடத்துக்கு மட்டும் இன்ஜினியர் இப்படி எழுதித் தந்திருக்கிறார், நீங்களும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு தாளை நீட்டுவதற்கும் கிடைக்கும் பதில் வேறு வேறாக இருக்கும். தாளைக் கொடுத்த பிறகு பேசாமல் இருக்கத் தெரிய வேண்டும். உடனே ஐம்பதாயிரம் ஏற்றிச் சொன்னால், அந்தத் தாளுக்கு இருந்த மதிப்பும் போய்விடும். "அந்த ரிப்பேரை நாங்களே செய்து தந்துவிடுகிறோம், விலையைக் குறைக்க வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்பது என் திடமான கருத்து. கைவிட்டுப்போகும் வீட்டுக்கு யாரும் நல்ல வேலை செய்ய மாட்டார்கள். துருவேறிய கம்பியின் மேல் சிமென்ட் பூசி மூடிவிட்டால், உள்ளே இருப்பது உங்களுக்குத் தெரியாமலும் போய்விடும்.

விலையைக் குறைப்பதற்கு அரசு வைத்திருக்கும் ஒரு தரைமட்டம் உண்டு. வழிகாட்டி மதிப்புக்கு, அதாவது அந்த இடத்துக்குப் பதிவுத்துறை வகுத்திருக்கும் மதிப்புக்கு, கீழே நீங்கள் பேசி முடித்தாலும், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்புக்கே கேட்கப்படும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து விற்பனைப் பத்திரத்துக்கு இவை 7 சதவீதமும் 2 சதவீதமுமாக, மொத்தம் 9 சதவீதம் ஆகின்றன. ஆகவே, வழிகாட்டி மதிப்புக்கு மேலே இருக்கும் வரை, நீங்கள் குறைக்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும் பதிவில் 9,000 ரூபாய் கூடுதலாக மிச்சமாகிறது. முத்திரைத் தீர்வைக்கான மதிப்பு நீங்கள் தரும் விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், அந்த வேறுபாடு உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வருமான வரி வரும் என்பதையும் மறக்கக் கூடாது. கட்டட விவரங்களைப் பத்திரத்துடன் இணைப்பு 1-ஏ வாயிலாகத் தர வேண்டியிருப்பதால், கட்டடத்தின் வயதையும் அளவையும் சரியாக எழுதுங்கள். "பத்திரத்தில் குறைத்துப் போட்டு மீதியைக் கையில் வாங்கிக்கொள்கிறோம்" என்ற பேச்சு வந்தால் விலகிவிடுங்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, உங்கள் வங்கிக் கடனும் அதற்கேற்பச் சுருங்கும்.

கடன் வாங்குபவருக்கு வங்கியே ஒரு பேச்சுத் துணை. விற்பனை விலை, மதிப்பீட்டாளர் சொல்லும் விலை இரண்டில் எது குறைவோ அதன் மீதுதான் கடன் தருவார்கள். 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடன் என்றால், கடன் தொகை சொத்து மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்ட ரிசர்வ் வங்கி விதிகள் அனுமதிக்கவில்லை. அனுமதி பெறாமல் எழுப்பிய மாடியை மதிப்பீட்டில் சேர்க்காமல் விடுவதும் உண்டு. வங்கியின் மதிப்பு உங்கள் தாளுக்கு நெருக்கமாக வந்தால், அதை உரிமையாளரிடம் சொல்வதில் தவறில்லை. வேறு யார் கடனில் வாங்க வந்தாலும் இதே இடத்தில்தான் நிற்பார்கள் என்பது அவருக்கும் புரியும்.

விலை படிந்ததும் அட்வான்ஸ் கொடுக்கும் அவசரம் வரும். அதற்கு முன் வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா ஆகியவற்றை வழக்கறிஞரிடம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவுசெய்வது 2012 டிசம்பரிலிருந்து கட்டாயம். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது போதாது. அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது. 50 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட விலை என்றால், இந்தியாவில் வசிக்கும் உரிமையாளருக்குத் தரும் தொகையில் ஒரு சதவீதத்தை வரியாகப் பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும்; வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில் குடியிருந்தால் விகிதமும் முறையும் மாறும், அதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவற்றில் மக்கள் விட்டுவிடுவது சாமான்களைத்தான். தேக்குக் கதவுகள், ஊஞ்சல் கொக்கிகள், மோட்டார், சின்டெக்ஸ் தொட்டி, ஜன்னல் கிரில் ஆகியவை வீட்டுடன் வருகின்றனவா என்று பெயர் சொல்லி எழுதுங்கள். வாடகைக்கு ஆள் இருந்தால், காலி வீடாக ஒப்படைப்பது யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பதையும் சேருங்கள். சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டண நிலுவைகளைப் பதிவு நாள் வரை உரிமையாளரே தீர்க்க வேண்டும் என்ற வரி இருக்கட்டும். பதிவுக்கு முந்தைய நாள் வீட்டுக்கு ஒருமுறை சென்று, மின் மீட்டரின் அளவைப் படம் எடுத்துக்கொண்டு, பட்டியலில் உள்ள சாமான்கள் இருக்கின்றனவா என்று சரிபார்த்து, குறைந்திருப்பதற்கு உரிய தொகையைக் கடைசித் தவணையில் கழித்துக்கொள்ளப் பேசி வையுங்கள்.