பிக்கப்புக்குப் பட்டையும் ஷாக்கும் வாங்கும் முன்

வண்டியை எத்தனை இஞ்ச் தூக்கலாம் என்ற கேள்வியோடு கடைக்குப் போகாதீர்கள். வண்டி எத்தனை கிலோ சுமக்கிறது என்ற கணக்கோடு போங்கள். ஓல்டு மேன் ஈமு, அயர்ன்மேன், டாபின்சன்ஸ் என்று எந்த கம்பெனி செட்டாக இருந்தாலும் ஸ்பிரிங்கை (முன்னால் சுருள் காயில், பின்னால் அடுக்கு இரும்புப் பட்டை) எடையை வைத்துத்தான் பிரித்திருப்பார்கள். எடை சரியாக அமைந்தால் உயரம் தானாக வரும்.

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் லாரிகள் ஓடுவதால் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. டேங்கை நிரப்புங்கள். வழக்கமாக வரும் ஆட்களும் வண்டியிலேயே கிடக்கும் சாமான்களும் இருக்கட்டும். முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடையேற்றி ஒரு சீட்டு, அடுத்து முழு வண்டிக்கு ஒன்று, கடைசியில் பின்சக்கரங்களுக்கு ஒன்று வாங்குங்கள். எந்த ஆக்சிலில் எவ்வளவு எடை என்று சீட்டுகளே சொல்லும்; மொத்தத்தை ஆர்.சி.யில் உள்ள காலி வண்டி எடையோடு ஒப்பிட்டால், நிரந்தரமாக ஏறியிருக்கும் சுமை தெரிந்துவிடும். பட்டையைக் கனமாக்கியதால் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை வரம்பு ஒரு கிலோகூட ஏறாது. ஆக்சிலும் பிரேக்கும் சேஸும் பழையவைதானே.

இரும்பு பம்பரும் சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் சேர்ந்தாலே முன்னால் 80 முதல் 100 கிலோ கூடும். அப்போது முன் காயிலை ஒரு படி கனமாக எடுக்க வேண்டும். பம்பர் இல்லாத வண்டிக்கு அதே காயிலைப் போட்டால் மூக்கு தூக்கிக்கொள்ளும், கல் பாதையில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும்.

பின்பட்டையில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பாலக்கோட்டிலிருந்து தக்காளிப் பெட்டி ஏற்றும் வண்டியும், வார இறுதியில் தளி பக்கம் தோட்டத்துக்குப் போகும் வண்டியும் ஒரே மாடலாக இருக்கலாம். பட்டை ஒன்றாக இருக்கக் கூடாது. தினமும் 300 கிலோ இருந்தால் அந்த நிரந்தர எடைக்கான செட்டை எடுங்கள். மாம்பழ சீசனில் மட்டும் 600 கிலோ ஏறும் என்றால், அந்தச் சில வாரங்களை நினைத்து வருடம் முழுக்கக் கனப்பட்டையில் ஓட்ட வேண்டாம். சுமை ஏறி வண்டி இறங்கிய பிறகு மட்டுமே வேலை செய்யும் ஹெல்பர் பட்டை உள்ள செட் போதும்.

உள்ளூர் பட்டைக் கடையில் ஒரு பட்டை சேர்த்துக்கொள்வது மலிவான வழி, தினச் சுமை வண்டிக்கு அது தவறும் இல்லை. ஆனால் தடிமனைக் கேட்டு வாங்குங்கள். பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்: 7 மி.மீ. பட்டைக்குப் பதில் 8 மி.மீ. போட்டால் அந்த ஒரு பட்டை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பாகிவிடும். காலி வண்டியில் முதுகு வலிக்க இதுவே போதும். பழைய பட்டையைக் காய்ச்சி வளைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். முறையாக மறுபடி பதம் ஏற்றாவிட்டால் சீக்கிரமே தொய்ந்துவிடும்.

நீளமான ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேஸோடு இணைக்கும் துண்டு) போட்டு உயர்த்துவதிலும் லாபம் குறைவு. 2 இஞ்ச் நீட்டினால் வண்டி 1 இஞ்ச்தான் எழும். பின் ஆக்சிலில் ஷாஃப்ட் சேரும் பினியனின் கோணம் மாறி புரொப்பல்லர் ஷாஃப்ட் அதிர ஆரம்பிக்கும். பட்டை வண்டியில் ஏர்பேக் வைத்துக் கனச்சுமை ஏற்றுவது இன்னும் ஆபத்து. பட்டையின் இரண்டு முனைகளில் இறங்க வேண்டிய பாரம் சேஸின் நடுவில் ஒரே இடத்தில் குவியும். டபுள் கேப் பிக்கப்புகளின் சேஸ் கேபினுக்குப் பின்னால் வளைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஷாக்கைப் பட்டைக்குப் பொருத்தமாகவே எடுக்க வேண்டும். கனப்பட்டைக்குப் பழைய ஷாக் இருந்தால், சுருங்கிய பட்டை திரும்பி எழும் வேகத்தை அதனால் அடக்க முடியாது; பள்ளத்தைத் தாண்டிய பிறகும் பின்பக்கம் குதித்துக்கொண்டே இருக்கும். ஒரே குழாய் உள்ள மோனோ டியூப் ஷாக் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். ஆனால் பிஸ்டன் வெளிக்குழாயிலேயே ஓடுவதால் கல் அடித்து ஒடுக்கு விழுந்தால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அஞ்செட்டி, சித்தேரி போன்ற கல் தடங்களில் மெதுவாகப் போகிறவர்களுக்குப் குழாய்க்குள் குழாய் உள்ள பருமனான ட்வின் டியூபே போதும் என்பது எங்கள் கருத்து. தனி எண்ணெய்க் குடுவை (ரிசர்வாயர்) வைத்த ஷாக், நீண்ட நேரம் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கானது.

நீளத்தை அளக்காமல் ஷாக் வாங்க வேண்டாம். ஸ்டாண்டில் சேஸை ஏற்றி, ஷாக்கைக் கழற்றி, ஆக்சிலைத் தொங்கவிட்டு இரு மவுண்ட்டுக்கும் இடையே அளந்துகொள்ளுங்கள். பிறகு பம்ப் ஸ்டாப் (ஆக்சில் சேஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) அழுந்தும் நிலையில் அளவெடுங்கள். பம்ப் ஸ்டாப் முழுக்க அழுந்திய பிறகும் ஷாக்கில் 15 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் அடி ஷாக்கின் உள்ளேயே விழும், மவுண்ட் கிழியும்.

இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டுக்கும் முன்னால் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம் பிடிக்கும் அமைப்பு. 40 முதல் 50 மி.மீ. வரை தூக்குவதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் ஆக்சில் ஷாஃப்ட்டின் கோணம் கூடி அதன் ரப்பர் உறையான பூட் கிழியும், பால் ஜாயின்ட் கடைசி எல்லையில் நிற்கும், ஸ்டியரிங்கை நேராக வைத்திருக்கும் காஸ்டர் கோணம் குறைந்து ஸ்டியரிங் அலையும். மேல் ஆர்மையும் மாற்றாமல் அலைன்மென்ட் நேராகாது. ஸ்பிரிங்கை விட்டுவிட்டு இடையில் ஸ்பேசர் என்ற கட்டையை மட்டும் வைப்பவர்களுக்கு உயரம் கிடைக்கும், சுமை தாங்கும் சக்தி கிடைக்காது. அதோடு மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மாட்டுவதற்கு முன் நான்கு மூலையிலும் சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். யூ போல்ட்டும் நட்டும் புதிதாகவே இருக்கட்டும், ஒருமுறை இறுகி நீண்டது மறுபடி சரியாகப் பிடிக்காது. பட்டைக் கண் போல்ட், ஷேக்கிள் போல்ட், ஆர்ம் போல்ட் எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே டார்க் ரெஞ்ச்சில் இறுக்கவும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சில மாதத்தில் பிய்ந்துவிடும். முன் காயிலை ஸ்ட்ரட்டிலிருந்து பிரிக்க காயிலை அழுத்திப் பிடிக்கும் நல்ல ஸ்பிரிங் கம்ப்ரஸர் தேவை. அது இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், கை போகும்.

சக்கரம் முழுக்கத் தொங்கும்போது பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடுகின்றனவா என்று பாருங்கள். பின் ஆக்சிலோடு இணைந்து, சுமைக்கு ஏற்பப் பின்பிரேக் அழுத்தத்தை மாற்றும் லோடு சென்சிங் வால்வு உள்ள வண்டி என்றால் அதன் கம்பியைப் புது உயரத்துக்குச் சரிசெய்தே ஆக வேண்டும். விட்டுவிட்டால் வண்டி காலி என்று நினைத்து அது பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் குறைத்துவிடும். தருமபுரியிலிருந்து சேலம் போக தொப்பூர் கணவாயில் சுமையோடு இறங்கும்போது முன்பிரேக் மட்டும் காய்ந்து தேய்வது நமக்கு வேண்டாம். ஹெட்லைட்டையும் தாழ்த்திவிடுங்கள், எதிரே வருகிறவருக்குக் கண் கூசக் கூடாது. அலைன்மென்ட் செய்து, 500 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி டார்க் பாருங்கள், 1,000 கி.மீ.யில் இன்னொரு முறை. அதற்குள் புதுப்பட்டை கொஞ்சம் படிந்திருக்கும். அப்போது எடுக்கும் உயர அளவுதான் உண்மையான அளவு.