கல்வட்டம் காலையில், கடற்கரை மாலையில்

சிறுதாவூர் கல்வட்டங்களையும் மாமல்லபுரம் கடற்கரையையும் ஒரே நாளில் பார்க்கிறீர்களா? சென்னையிலிருந்து விடியுமுன் கிளம்பி, முதலில் கற்களிடம் போய்விடுங்கள். கடலை மாலைக்கு வையுங்கள்.

இரும்புக்கால ஈமக்குழிகளைச் சுற்றி நட்ட இந்தக் கற்களில் பல, தரைக்கு மேலே கொஞ்சமே தெரியும். வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு கல்லுக்கும் நீளமாக நிழல் விழுவதால், வட்டம் சட்டென்று கண்ணில் படும். உச்சிவெயிலில் அதே இடம் வெறும் கல்லும் புதருமாகத்தான் இருக்கும். கடற்கரை கிழக்குப் பார்த்தது என்பதால், மாலையில் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், மணலும் ஆறியிருக்கும். அப்புறம் சாளுவன்குப்பம் புலிக்குகை வரை அலை நனைத்த ஈரமணலிலேயே நடங்கள். கால் புதையாது, களைப்பும் குறையும்.

மேகமூட்டமான நாளில் நிழல் விழாது, இந்தக் கணக்கு உதவாது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் புதர் மண்டியிருக்கும். மாசி, பங்குனி நல்லது. அலை சீறும் நாளில் ஈரமணல் பக்கமே போக வேண்டாம். கற்கள்மேல் ஏறாதீர்கள், ஒன்றையும் நகர்த்தாதீர்கள்: கல் இடம் மாறினால் வட்டமே போச்சு.