சூடான பீங்கான் சட்டியும் நம் தண்ணீர்க் கையும்

தெப்பக்குளம் பக்கம் எங்கள் வீட்டு மாடிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பேக்கிங் பழக வருகிறவர்கள், இப்போதெல்லாம் ஆளுக்கொரு ஸ்டோன்வேர் சட்டியோடுதான் (அதிகச் சூட்டில் சுட்டு இறுக்கிய பீங்கான்) வருகிறார்கள். நீலம், இலைப்பச்சை, கடுகு மஞ்சள்... பார்க்க அழகு. கீழே போட்டால் உடையும் என்றெல்லாம் நான் சொல்லித் தரப்போவதில்லை. நானே செய்து காசைத் தொலைத்தவற்றை இவர்களும் அப்படியே செய்வதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதை மட்டும் எழுதுகிறேன்.

சூட்டோடு ஈரம் படுவது

தாளித்து இறக்கிய இரும்புச் சட்டியில் 'சொய்ங்' என்று தண்ணீர் ஊற்றி ஊறப்போடுவது நம் கைக்குப் பழகிப்போன வேலை. இரும்பு பெரும்பாலும் தாங்கும். போன மாதம் ஒரு தங்கச்சி, பிரெட் புட்டிங்கைச் சுடச்சுடப் பரிமாறிவிட்டு, ஓரத்தில் ஒட்டிய சர்க்கரைப் பாகு ஊறட்டும் என்று சட்டியைக் குழாய்க்கு நேரே நீட்டினாள். "ஏய்" என்று நான் வாயெடுப்பதற்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

என் நீலச் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட வேண்டியிருக்கவில்லை. 180 டிகிரி ஓவனிலிருந்து எடுத்து, அப்போதுதான் துடைத்திருந்த கிரானைட் மேடையில் வைத்தேன். ஈரம் காயவில்லை. அடியிலிருந்து நூல் மாதிரி ஒரு கோடு கிளம்பி விளிம்பு வரை ஏறியது. பதறிப்போய்த் தூக்கினேன், பாதி கையில், பாதி மேடையில், வெந்த காயும் சீஸும் தரையில். 1,800 ரூபாய். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

"1200 டிகிரிக்குச் சூளையில் வெந்தது, ஒரு கை தண்ணீருக்கா உடையும்?" என்று கேட்காத ஆளில்லை. சூளை மணிக்கணக்கில் மெல்ல மெல்லச் சூடேறுகிறது, அப்புறம் மெல்ல ஆறுகிறது. அவசரப்பட்டு முன்னதாகத் திறந்தால் அங்கேயும் விரிசல்தான். சுட்ட மண் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். ஈரம் பட்ட மேல்தோல் சட்டென்று குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். உள்ளே இன்னும் சூட்டில் விரிந்தே இருக்கும். மேல்தோல் இழுபடும். பீங்கான் அமுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது.

ஈரக் கரித்துணியால் பிடிப்பதும் இதே கணக்கில்தான் சேரும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சட்டியை நேரே சூடான ஓவனுக்குள் தள்ளுவதும் ஆபத்துதான்; குளிர் போகும்வரை வெளியே இருக்கட்டும். இறக்கி வைக்க அப்பத்தா காலத்துப் பிரிமணை போதும். இல்லையா, நாலாக மடித்த காய்ந்த துணி. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள்.

கேஸ் அடுப்பில் ஏற்றுவது

"மானாமதுரைச் சட்டியில் மீன் குழம்பு வைக்கிறோமே?" சரி, வைக்கிறோம். அது குறைந்த சூட்டில் வெந்த மண். நுண்துளைகள் நிறைந்தது, தீயின் சூட்டுக்குக் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். ஸ்டோன்வேர் இறுகி வெந்த தடிமனான மண். அதன் தட்டையான அடியில் தீ நடுவில் மட்டும் பட்டால் ஓரம் குளிர்ந்தே கிடக்கும். பிறகென்ன, முன்னே சொன்ன கதைதான்.

சட்டியில் விழும் சாம்பல் நிறக் கோட்டைக் கீறல் என்று நினைப்பது

பெரும்பாலும் அது கரண்டியின் உலோகம் பளபளப்பின் மேல் ஒட்டியது. சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போகும். கம்பி நாரை எடுத்தால் கோடு இன்னும் கூடும். மாவு கலக்க மரக்கரண்டி.

ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது

அடியைத் தடவிப் பாருங்கள். பளபளப்புப் பூச்சு இல்லாத ஒரு வளையம் சொரசொரவென்று இருக்கும். அது கீழே இருக்கும் கிண்ணத்தைத் தேய்க்கும், கழுவிய ஈரத்தையும் பிடித்து வைக்கும். கவிழ்த்து நன்றாகக் காயவிட்டு, இடையில் தினசரித்தாள் வைத்து அடுக்குங்கள்.

தட்டிப் பார்க்காமல் வாங்குவது

மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவோமே, அதேதான். 'கிண்' என்றால் எடுக்கலாம். 'டொப்' என்றால் வைத்துவிடுங்கள்.

விரிசலைப் பசை போட்டு ஒட்டிச் சமைப்பது

வேண்டாம்.